வீட்டில் ஒலிப்பதிவு அறை: எதை முதலில் வாங்குவது, எதற்குக் காத்திருப்பது

வீட்டிலேயே பாட்டைப் பதிவுசெய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மென்பொருள் நல்லது என்பதுதான். அடுத்ததாக எந்த மைக் வாங்கலாம் என்று கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் விடை காண வேண்டிய கேள்விகள் வேறு உள்ளன: எதைப் பதிவுசெய்யப் போகிறீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடவோ வாசிக்கவோ போகிறார்கள், அதற்கு வீட்டில் எந்த அறை கிடைக்கும்? இவற்றுக்குத் தெளிவான விடை இருந்தால் கருவிகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். இந்தக் கட்டுரை பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றில் கர்நாடக இசையோ மெல்லிசையோ பதிவுசெய்ய நினைக்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவர் பாடுகிறவராக இருக்கலாம், வீணையோ புல்லாங்குழலோ வாசிக்கிறவராக இருக்கலாம். சில நாள்களில் மிருதங்கக் கலைஞர் ஒருவரும் அவருடன் வந்து உட்காரலாம்.

அறையிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர் வீடுகளில் அறைகள் பத்தடி நீளம், பத்தடி அகலம், ஏறத்தாழ பத்தடி உயரம் என்று அமைவது வழக்கம். ஒலிப்பதிவுக்கு இதைவிடச் சிக்கலான அளவு கிடையாது. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையே குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் முன்னும் பின்னும் மோதி வலுப்பெறும். பத்தடி இடைவெளிக்கு அவற்றில் முதலாவது சுமார் 57 ஹெர்ட்ஸ், அடுத்தது சுமார் 114 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் அறையில் மூன்று திசைகளிலும் அதே அதிர்வெண்கள் எழுந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலுக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ் என்றால், மந்திர ஸ்தாயி கைசிகி நிஷாதம் சுமார் 116.5 ஹெர்ட்ஸ். பாடகர் கீழே இறங்கி அந்த நிஷாதத்தைத் தொடும்போது மட்டும் குரல் திடீரெனப் பருத்துக் கேட்டால், குறை பாடகரிடமும் இல்லை, மைக்கிலும் இல்லை, அறையில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து மைக்கை மாற்றினாலும் அது மாறாது. ஆகவே வீட்டில் அறைகள் இரண்டு இருந்தால், மூன்று அளவுகளும் வேறுபடும் நீள்சதுர அறையைத் தேர்ந்தெடுங்கள்.

அறையின் நடுவில் நின்று கையை ஒருமுறை பலமாகத் தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின் உலோகத்தைத் தட்டியதுபோல ஒரு ரீங்காரம் தொடர்ந்தால், வெறுஞ்சுவர்களும் மொசைக் தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன என்று பொருள். இதைக் குறைக்கக் கடையில் விற்கும் மெல்லிய நுரைப் பலகைகளை வாங்கி ஒட்டுவது அவ்வளவாகப் பயன் தராது. ஒரு அங்குல நுரை மேல் அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். குரலின் கனம் இருக்கும் கீழ்ப்பகுதியை அது தொடுவதே இல்லை. அதனால் அறை மந்தமாகவும் அடைத்தும் கேட்கும். முட்டை அட்டைகள் அந்த அளவு கூட உதவாதவை. எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். தடிமன்தான் முக்கியம். இலவம்பஞ்சு மெத்தை, கதவுகளைத் திறந்துவைத்த துணி நிறைந்த அலமாரி, கனத்த போர்வைகளை மடித்துத் தொங்கவிட்ட கொடி, தரையில் இரண்டு மடிப்பாக விரித்த பவானி ஜமுக்காளம் ஆகியவை நான் பார்த்த பல வீடுகளில் விலைக்கு வாங்கிய பொருள்களைவிட நன்றாகவே உழைத்திருக்கின்றன.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் நிறுத்துவதே இயல்பாகத் தோன்றும். ஆனால் பாடுவதற்குப் பயன்படும் கார்டியாய்டு வகை மைக் தன் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கிறது. அதன் முன்பக்கத்தில் பாடகரும், பாடகருக்குப் பின்னால் இருக்கும் சுவரும் இருக்கின்றன. எனவே மெத்தை பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் பதிவின் தரத்தில் தெளிவாகக் கேட்கும்.

வெளியோசைக்கு வீட்டில் முழுத் தீர்வு கிடையாது. பதிவின்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தியே ஆக வேண்டும். குளிர்பதனப் பெட்டி அடுத்த அறையில் இருந்தாலும் அதன் முனகல் கேட்கும். காலையில் காகமும் குக்கர் விசிலும், மாலையில் வண்டி ஹாரனும், ஆடியிலும் மார்கழியிலும் கோயில் ஒலிபெருக்கியும் இருக்கும் தெருவில் இரவு பதினொன்றுக்குப் பிறகுதான் நல்ல நேரம் கிடைக்கும். அதற்கேற்ப உங்கள் நாளை அமைத்துக்கொள்வது, சுவருக்கு ஒலித்தடுப்பு போடுவதைவிடப் பல மடங்கு மலிவானது.

மைக்

டைனமிக், கண்டென்சர் என்ற இரண்டு வகைகளில் எதை வாங்குவது என்பது அறையைப் பொறுத்தது. டைனமிக் மைக் அறையின் எதிரொலியை வாங்காது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது முழு உண்மையன்று. அதை உதட்டிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நெருக்கி வைத்துப் பாட முடிவதால் குரல் வலுவாக விழுகிறது, அதன் பக்கத்தில் அறையின் ஓசை சிறுத்துவிடுகிறது. 1966இல் வெளிவந்து இன்றும் கச்சேரி மேடைகளில் காணப்படும் ஷ்யூர் எஸ்எம்58 இந்த வேலைக்குப் போதுமானது. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. சீரமைக்காத அறையில் பாடுகிறவர் இதிலிருந்து தொடங்கலாம்.

கண்டென்சர் மைக் குரலின் நுண்மைகளையும் தந்தியின் மீட்டலையும் மிக விரிவாகப் பிடிக்கும். அது இயங்க, மைக்கைக் கணினியுடன் இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வர வேண்டும். ஆடியோ டெக்னிகா ஏடி2020, ரோட் என்டி1 போன்றவை இந்த வகையில் நம்பி வாங்கத்தக்கவை. என்டி1இன் சொந்த இரைச்சல் மிகக் குறைவு என்பதால் வீணை, புல்லாங்குழல் போன்ற மென்மையான வாத்தியங்களுக்கு அது பொருந்தும். பாடும்போது ஒரு சாண் இடைவெளி விட்டு, இடையில் வாயின் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வைத்து, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். ப, ப்ர போன்ற எழுத்துகளில் காற்று மோதாது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பதிவு முடிந்ததும் கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஈரம் ஏறிய மைக் வறுபடுவதுபோல ஓசை எழுப்பத் தொடங்கும்.

வீணைக்கு மைக்கை ஒன்றரை அடி தள்ளி, குடத்தின் மேல் குதிரை இருக்கும் பகுதியை நோக்கி வைத்துத் தொடங்கி, பிறகு அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேளுங்கள். புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேரே வைத்தால் காற்றோசைதான் மிஞ்சும். விரல்கள் ஓடும் பகுதியை நோக்கிச் சற்று மேலிருந்து வைப்பது நல்லது. மிருதங்கத்துக்கு வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் தேவை. நாதஸ்வரத்தைப் பத்தடி அறையில் பதிவுசெய்ய முயல வேண்டாம். அதற்கு மண்டபமோ திறந்த வெளியோ வேண்டும்.

இன்டர்ஃபேஸும் ஹெட்போனும்

மைக்கின் மின்னலையைக் கணினிக்குரிய எண்களாக மாற்றுவது இன்டர்ஃபேஸ். இதில் ஃபோகஸ்ரைட், ஆடியன்ட், ஸ்டைன்பெர்க், பெஹ்ரிங்கர் எனப் பல நிறுவனங்களின் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. இன்றைய நிலையில் அவற்றின் ஒலித்தரத்தில் உள்ள வேறுபாடு, உங்கள் அறைக்கும் இன்னோர் அறைக்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது. ஆகவே வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது மைக் நுழைவாய்களின் எண்ணிக்கை. தனியாகப் பாடுகிறவருக்கு ஒன்று போதும். பாட்டுடன் வீணையும் என்றால் இரண்டு வேண்டும். பாட்டுடன் மிருதங்கமும் என்றால் குரலுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு என மூன்று ஆகும். அப்போது நான்கு நுழைவாய்கள் உள்ளதையே வாங்க வேண்டும்.

இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. திரையிசையில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிவுசெய்து பிறகு சேர்ப்பது பழகிய முறை. ஆனால் கர்நாடக இசையில் பாடகர் ஒரு சங்கதியை நீட்டும்போது மிருதங்கம் அடங்குவதும், அனுபல்லவி எடுக்கும்போது எழுவதும் அந்த நொடியில் ஒருவரையொருவர் கேட்டு நடப்பவை. அதைத் தனித்தனிப் பதிவில் கொண்டுவர முடியாது. அதனால் இரண்டு நுழைவாய்கள் கொண்ட விலையுயர்ந்த பெட்டியைவிட, நான்கு நுழைவாய்கள் கொண்ட நடுத்தர விலைப் பெட்டியே நம் இசைக்கு அதிகம் பயன்படும்.

இன்னும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். சில டைனமிக் மைக்குகள், குறிப்பாக ஷ்யூர் எஸ்எம்7பி, பேச்சுக்கும் பாட்டுக்கும் குறைந்தது 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்கம் கேட்பவை. அப்படிப்பட்ட மைக்கை வாங்குவதற்கு முன் உங்கள் இன்டர்ஃபேஸ் அவ்வளவு தருமா என்று பாருங்கள். அடுத்தது, பாடகர் தன் குரலை ஹெட்போனில் தாமதமின்றிக் கேட்க வேண்டும். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸில், கணினி ஒரே தடவையில் எடுத்துக் கையாளும் அளவுகளின் எண்ணிக்கையான பஃபர் 128 என்றால் ஒரு வழித் தாமதம் 3 மில்லிநொடிக்கும் குறைவு. 1024 என்றால் 21 மில்லிநொடிக்கு மேல், அதில் தாளம் தடுமாறும். கணினியின் வழியே போகாமல் மைக்கின் ஒலியை நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அது உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினால் பழைய கணினியிலும் சிக்கல் வராது.

ஹெட்போன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்க வேண்டும். சுருதியும் தாளமும் அதிலிருந்து வெளியே கசிந்தால் மைக்கில் ஏறிவிடும்; பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. சோனி எம்டிஆர்-7506, ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் ஆகியவை பல ஆண்டுகளாகப் பதிவறைகளில் பயன்பட்டு வருபவை. புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு ஆகாது. அதன் தாமதம் தெளிவாகவே தெரியும். சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்கவிடாமல், அதை மென்பொருளில் டிராக் எனப்படும் தனி ஒலிவரிசையாக வைத்து ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பாடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மென்பொருள்

பதிவுசெய்வது, வெட்டி ஒட்டுவது, பல டிராக்குகளைக் கலப்பது ஆகியவற்றை இன்று விற்கப்படும் எல்லாப் பதிவு மென்பொருள்களும் சரியாகவே செய்கின்றன. ஒன்றில் பதிவான குரல் இன்னொன்றில் பதிவானதைவிட இனிமையாக இருக்காது. வேறுபாடு இருப்பது உழைக்கும் முறையில்.

குரலையும் வாத்தியத்தையும் மைக் வழியே பதிவுசெய்வதே உங்கள் முதன்மை வேலை என்றால், நான் பரிந்துரைப்பது ரீப்பர். 60 நாள்களுக்கு எந்தத் தடையும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்; தனிநபர்களுக்கும் சிறுதொழில் செய்கிறவர்களுக்கும் உரிமம் 60 டாலர். பழைய மடிக்கணினியிலும் ஓடும் அளவுக்கு எடை குறைந்தது. அதனுடன் வாத்திய ஒலிகள் அதிகம் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் மைக்கில் பாடுகிறவருக்கு அது குறையாகாது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டில் தொடங்கி, அது போதாதபோது லாஜிக் புரோவுக்கு மாறலாம்; கராஜ்பேண்டில் செய்த வேலையை லாஜிக்கில் அப்படியே திறக்க முடியும். லாஜிக் விண்டோஸில் இயங்காது என்பதால் அதை நம்பித் தொடங்கும் முன் அடுத்த கணினியும் ஆப்பிளாகவே இருக்கப் போகிறதா என்று யோசியுங்கள்.

தாளக்கட்டையும் மின்னணு ஒலிகளையும் அடுக்கிப் பாட்டு அமைப்பவர்களுக்கு எஃப்எல் ஸ்டுடியோவும் ஏபிள்டன் லைவும் கைக்கு எளிதாக வரும். 1997இல் ஃபுரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பெல்ஜியத்தில் தோன்றிய எஃப்எல் ஸ்டுடியோவை ஒருமுறை வாங்கினால் பின்வரும் பதிப்புகள் யாவும் இலவசம். ஆனால் அதன் மிகக் குறைந்த விலைப் பதிப்பில் மைக் பதிவுக்கான வசதி இல்லை. குரல் பதிவுசெய்ய நினைப்பவர் அதற்கு அடுத்த பதிப்பை வாங்க வேண்டும். அதன் இலவச முன்னோட்டத்தில் வேலையைச் சேமிக்க முடியும், சேமித்ததை உரிமம் வாங்கும்வரை மீண்டும் திறக்க முடியாது. இதை அறியாமல் ஒரு வாரம் உழைத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். கியூபேஸ் சுரக்குறிப்பு எழுதும் வசதி நன்றாக உள்ள, வாத்தியக்குழுவுக்கு இசை அமைப்பவர்களுக்குப் பொருந்தும் மென்பொருள். புரோ டூல்ஸ் பெரிய பதிவறைகளில் பரவலாக உள்ளது. அங்கே வேலைக்குச் செல்ல விரும்புகிறவர் அதைக் கற்க வேண்டும், வீட்டில் பாடுகிறவருக்கு அது கட்டாயமன்று. பல இன்டர்ஃபேஸ்களுடன் கியூபேஸ் அல்லது லைவின் சுருக்கப் பதிப்பு இலவசமாக வருகிறது. பெட்டியைத் திறந்ததும் அதைப் பதிவிறக்கி ஒரு மாதம் உழைத்துப் பாருங்கள். உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்புகளை நாடாதீர்கள். அவற்றுடன் கணினிக்குள் நுழையும் தீநிரல்கள் மாதக்கணக்கான பதிவுகளை அழித்துவிடக் கூடும்.

நம் இசைக்கு மென்பொருளில் தனியாகச் சோதிக்க வேண்டியவை மூன்று. முதலாவது தாளம். ஆதி தாளத்தை 4/4இல் இரண்டு பார்களாக வைத்துக்கொள்ளலாம். மிச்ர சாபுக்கு 7/8 வைத்து 3, 2, 2 என்றும், கண்ட சாபுக்கு 5/8 வைத்து 2, 3 என்றும் அழுத்தம் விழும்படி, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை அமைக்க முடிகிறதா என்று பாருங்கள். ரீப்பரில் இந்த அழுத்த வரிசையை நாமே எழுதலாம். ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் மெட்ரோனோமை அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, சுருதி திருத்தும் கருவி. அது பியானோவின் பன்னிரண்டு சுரங்களில் ஒன்றில் குரலை நிறுத்தப் பார்க்கும். நிலையான ஷட்ஜ பஞ்சமத்தில் அது தீங்கு செய்யாமல் இருக்கலாம். தோடியின் காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பது. அதை ஒரே கட்டத்தில் நிறுத்தினால் ராகமே போய்விடும். அந்தக் கருவியைத் தானாக இயங்கவிடாமல், பிசகிய இடத்தை மட்டும் கையால் தொட வழி இருக்க வேண்டும்.

மூன்றாவது கமகம். கீபோர்டிலிருந்து வீணை அல்லது புல்லாங்குழல் ஒலியை வாசிக்கிறவர்கள் பிட்ச் பெண்ட் சக்கரத்தால்தான் கமகத்தைக் கொண்டுவருகிறார்கள். மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேச 1983இல் வந்த மிடி முறையில் இந்தச் சக்கரத்துக்கு 16,384 படிகள் உண்டு, நுண்மைக்குக் குறைவில்லை. ஆனால் வழக்கமாக அதன் வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றே அமைக்கப்பட்டிருக்கும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே ஜாருவாக, அதாவது இடையறாத வழுக்கலாக, ஏற ஏழு அரைச்சுரம் வேண்டும். இரண்டில் அது நடக்காது. ஒலிக்கருவியின் அமைப்பில் வீச்சைப் பன்னிரண்டாக உயர்த்துங்கள். அகலமான சக்கரம் உள்ள கீபோர்டு கிடைத்தால் கை அடங்கி வரும். ஒவ்வொரு சுரத்தையும் தனியாக வளைக்கும் எம்பிஇ முறையை ஏற்கும் கீபோர்டும் மென்பொருளும் இருந்தால், சுருதி சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே மேலே கமகம் செய்யலாம். கடையில் கீபோர்டை வாசித்துப் பார்க்கும்போது விசைகளின் எண்ணிக்கையைவிட இந்தச் சக்கரத்தையே அதிக நேரம் சோதியுங்கள். பன்னிரண்டு சம இடைவெளிக்கு வெளியே உள்ள சுரத்தானங்களை அமைக்க விரும்புகிறவர்களுக்கு லாஜிக்கிலும், 2024இல் வந்த லைவ் 12இலும் அதற்கான வசதி உள்ளது.

மின்சாரம், சேமிப்பு

வீட்டுப் பதிவுகளில் அடிக்கடி கேட்கும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்தும் அதன் மடங்குகளிலிருந்தும் வருவது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் அது மறைந்தால், எர்த் இணைப்பைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அதுவரை பேட்டரியில் பதிவுசெய்யுங்கள். இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் வகையே வேண்டும். சதுர அலை வகை இரைச்சலைக் கூட்டும். மென்பொருளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். மூன்று மைக், இரண்டு மணிநேரம் என்றால் 3 ஜிகாபைட்டைத் தாண்டும். ஆகவே வெளி எஸ்எஸ்டி ஒன்றில் பதிவுசெய்து, அன்றைக்கே இன்னொரு சேமிப்பு வட்டில் பிரதி எடுத்துவிடுங்கள். 24 பிட்டில் பதிவுசெய்யும்போது மீட்டரை உச்சிக்குத் தள்ள வேண்டியதில்லை. உரத்த இடத்தில் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நின்றாலே போதும். சிவப்பைத் தொட்டுச் சிதைந்த ஒலியைப் பிறகு மீட்க முடியாது.

வாங்கும் வரிசை

கையில் இருக்கும் பணத்தில் முதலில் அறைக்கும், பிறகு இன்டர்ஃபேஸ், ஒரு மைக், மூடிய ஹெட்போன், மைக்கை இணைக்கும் நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள், அசையாத ஸ்டாண்ட் ஆகியவற்றுக்கும் செலவிடுங்கள். மலிவான ஸ்டாண்ட் மெல்லச் சரிந்து மைக்கைத் தரையில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன், எனவே அதில் சிக்கனம் வேண்டாம். கலவையைக் கேட்டுச் சரிபார்க்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களை அறை சீரான பிறகு வாங்கலாம். சீராகாத அறையில் அவை 114 ஹெர்ட்ஸைக் கூட்டிக் காட்டும், நீங்கள் கலவையில் அதைக் குறைப்பீர்கள், அந்தப் பாட்டு அடுத்தவர் வீட்டில் மெலிந்து கேட்கும். வாங்கும்போது ஐந்து அங்குல அளவே பத்தடி அறைக்குப் போதும். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது உங்களுக்கு நன்கு பழகிய ஒரு வர்ணத்தைத் தயாராக வைத்திருங்கள். கடைக்காரர் அனுமதித்தால் ஒவ்வொரு மைக்கிலும் அதே வர்ணத்தின் பல்லவியை ஒரே தொலைவில் பாடிப் பதிவுசெய்து, எது எந்த மைக் என்று தெரியாதபடி கோப்புகளுக்கு எண்களை மட்டும் இட்டு எடுத்து வாருங்கள். மறுநாள் காலை, காது ஓய்ந்திருக்கும்போது, ஹெட்போனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகே அதன் பெயரையும் விலையையும் பாருங்கள்.